சைலேஜ் குழி நிரப்பிய மறுநாள்

தக்கலைப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கன்று ஈன்ற பசுவைப் பார்க்கப் போயிருந்தேன். தொழுத்துக்குப் பின்னால் எட்டடி ஆழத்தில் புதுக் குழி. பசும்புல்லைக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்து மாட்டுத் தீவனமாக்கும் சைலேஜ் குழி அது. முந்தின நாள் கம்பு நேப்பியர் தீவனப்புல்லை நறுக்கி, மிதித்து, பாதி நிரப்பியிருந்தார்கள். இராத்திரி பெய்த மழையில் தார்ப்பாயின் நடுவே தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதைக் கோரி எடுக்க வீட்டுக்காரரின் தம்பி வாளியோடு ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார். கீழே நின்று குனிந்தால் தலை விளிம்புக்குள் போய்விடும். "தம்பி, மேலே ஏறுங்க!" என்று சத்தம் போட்டேன்.

"புல்லுதானே சாரே, இதுல என்ன இருக்கு?"

வாயு இருக்கிறது. நறுக்கிய புல் குழிக்குள் முதலில் மூச்சுவிடும், பிறகு புளிக்கும். அப்போது வரும் கார்பன் டை ஆக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. காற்றைவிடக் கனம் என்பதால் பள்ளத்தில் தேங்கி, நமக்கு வேண்டிய ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். இரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடலாம். பயிரில் நைட்ரேட் என்கிற தழைச்சத்து உப்பு கூடியிருந்தால் நைட்ரஜன் டை ஆக்சைடும் வரும். மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம், பிளீச்சிங் பவுடர் போன்ற நெடி. ஆனால் குறைந்த அளவில் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. நிரப்பிய முதல் மூன்று நாள்தான் மிக மோசம். மூன்று வாரம் வரை குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது.

வெயிலில் வாடி நின்ற சோளமும் மக்காச்சோளமும் வைகாசி மழை விழுந்ததும் நைட்ரேட்டை வேகமாக இழுக்கும். யூரியாவும் அள்ளிப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். மழை பெய்த கையோடு அறுக்காமல் சில நாள் பொறுங்கள். அடித்தண்டில்தான் நைட்ரேட் அதிகம். அரையடி விட்டு அறுப்பது நல்லது.

கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. அதை இங்கே நம்பாதீர்கள். நைட்ரஜன் டை ஆக்சைடு இருக்கும் இடத்திலும் விளக்கு எரியும். முகக்கவசமோ ஈரத்துண்டோ வாயுவைத் தடுக்காது.

நான் அதிகம் பயப்படுவது இரண்டாவது ஆளை நினைத்துத்தான். அண்ணன் விழுந்தால் தம்பி குதிப்பார், தம்பியைத் தேடி அப்பா குதிப்பார். பாசம்தான், ஆனால் ஒரே குழியில் மூன்று பேர் கிடப்பார்கள். இறங்காதீர்கள். 101-க்கும் 108-க்கும் கூப்பிடுங்கள். தீயணைப்பு வீரர்கள் மூச்சுக்கருவியோடு இறங்குவார்கள்.

சரி, தேங்கிய தண்ணீரை என்ன செய்தோம்? மேலே நின்றபடியே நீளக் கம்பில் வாளியைக் கட்டி மொண்டெடுத்தோம். அப்புறம் பிள்ளைகள் எட்டிப் பார்க்காதபடி பழைய கதவு ஒன்றைக் குறுக்கே கட்டிவைத்தார்கள்.

குழியைத் திறந்து எடுக்கத் தொடங்கியபின் வேறொரு ஆபத்து. அடியில் குடைந்து எடுத்தால் மேலே நிற்பது மொத்தமாகச் சரியும். நன்றாக இறுகிய சைலேஜ் ஒரு கன மீட்டர் 600 கிலோவுக்கு மேலும் கனக்கும். மேலிருந்து செதுக்கி எடுங்கள். பூசணம் பிடித்த பகுதியை மாட்டுக்குப் போடாதீர்கள். அதன் தூசி உங்கள் நுரையீரலுக்கும் ஆகாது.

குழிப்பக்கம் நின்று நெடி ஏறி இருமல் வந்தால், சற்று நேரத்தில் சரியானாலும் வீட்டில் படுத்துவிடாதீர்கள். நைட்ரஜன் டை ஆக்சைடு நுரையீரலின் ஈரத்தில் அமிலமாகிவிடும். பல மணி நேரம் கழித்து நீர் கோத்து மூச்சு முட்டலாம். தேறியவருக்கும் இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப வரலாம். ஆஸ்பத்திரியில் வெறும் இருமல் என்று சொல்லாமல், "சைலேஜ் குழி வாயு மூச்சில் ஏறிவிட்டது" என்று முதலிலேயே சொல்லுங்கள்.