பிரிண்ட் போட்டதும் ஓடுகிறதா? பிழை இன்னும் உள்ளேதான் இருக்கிறது

ஃபோர்ட்ரான் நிரலில் பிழை என்று இந்த மாதத்தில் என்னிடம் வந்த மூன்றாவது ஆள் இவர். பினாங்கு, குளுகோரில் ஒரு மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை). தே ஓ கோசோங் (பால், சர்க்கரை இல்லாத தேநீர்) ஆறிக்கொண்டிருக்க, தம்பி லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். முதுகலை ஆய்வு, கம்பியில் வெப்பம் பரவும் கணக்கு. கணக்கைப் போடுவது அவருடைய சூப்பர்வைசர் இளவயதில், அறிவியல் கணக்குக்கான பழைய மொழியான ஃபோர்ட்ரான் 77இல் எழுதிய சப்ரூட்டீன் (துணை நிரல்). அதை மெக்ஸ் கோப்பாக, அதாவது மேட்லாப் என்ற கணக்கு மென்பொருள் நேரடியாக அழைக்கக்கூடிய கோப்பாக, கம்பைல் செய்து மேட்லாபிலிருந்து அழைக்கிறார். சில அளவுகளுக்கு விடை வருகிறது. சில அளவுகளுக்கு மேட்லாப் ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிக்கொள்கிறது.

“ஆனா இப்ப சரியாயிடுச்சு அண்ணே. நடுவுல மதிப்பைத் திரையில காட்டச் சொல்லி ஒரு பிரிண்ட் வரி போட்டேன், ஓடுது. மேட்லாப்லதான் ஏதோ கோளாறாம், அப்படியே விட்டுடுன்னு லேப் சீனியர் சொல்லிட்டாரு.”

அந்த சீனியர் யாரென்று தெரிந்திருந்தால் அன்றைய தேநீர்க் காசை அவரிடமே வாங்கியிருப்பேன்.

பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இலையிலிருந்து ரசம் பக்கத்து இலைக்கு ஓடுகிறது. அங்கே ஆள் இருந்தால் சத்தம் போடுவார். எழுந்து போயிருந்தால் யாருக்கும் தெரியாது. பிரிண்ட் வரியைச் சேர்க்கும்போது நினைவகத்தில் யார் பக்கத்தில் யார் என்பது மாறிவிடுகிறது, அவ்வளவுதான். ரசம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. இப்போது அது உங்கள் வெப்பநிலை அட்டவணையிலேயே விழலாம். மேட்லாப் மூடாது, எச்சரிக்கை வராது, வரைபடம் அழகாக இருக்கும், எண் மட்டும் தப்பாக இருக்கும். அதற்கு, பட்டென்று மூடிக்கொள்கிற மேட்லாப் எவ்வளவோ மேல். ஆப்டிமைசேஷனை (கம்பைலர் நிரலை வேகமாக்கும் வேலையை) நிறுத்தினால் ஓடுகிறது, நண்பன் கணினியில் ஓடுகிறது, நேற்று ஓடியது: எல்லாம் இதே கதைதான். இப்படி ஆட்டம் காட்டும் பிழையைக் கண்டால் முதலில் நினைவகத்தைச் சந்தேகப்படுங்கள், மேட்லாபை அப்புறம் பார்க்கலாம். யாரோ வேலியைத் தாண்டி எழுதியிருப்பார்கள். பல வரிகள் கழித்து மேட்லாப் அந்த இடத்தை விடுவிக்கும்போதுதான் வெடிக்கும். பழி மட்டும் கடைசியாகத் தொட்டவர் மேல்.

தம்பியின் விஷயம் என்ன? கம்பியை 200 துண்டாக வெட்டினால் முனைகள் 201. மேட்லாபையும் சப்ரூட்டீனையும் இணைக்கும் நிரல் விடைக்காக 200 இடம் ஒதுக்கியிருந்தது; சப்ரூட்டீன் 201 எண்களை எழுதியது. ஒரு எண், அதாவது எட்டு பைட் அதிகம். வேலி தாண்டி எழுதினால் பிடித்துச் சொல்லும் கம்பைலரின் எல்லைச் சோதனையைப் போட்டுத்தான் பார்த்திருக்கிறார், பாவம். ஆனால் பழைய வழக்கப்படி அரேயின் (எண்களின் பட்டியல்) அளவு இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரக் குறி. நட்சத்திரம் போட்டால் எல்லை எங்கே என்று கம்பைலருக்குத் தெரியாது. சோதனை வாயே திறக்காது. நட்சத்திரத்தை எடுத்துவிட்டு N என்று, அதாவது இங்கே 200 என்று, அளவைக் கொடுத்தோம். மேட்லாபை விட்டு வெளியே வந்து, சப்ரூட்டீனை மட்டும் அழைக்கும் இருபது வரி மெயின் புரோகிராம் ஒன்றை எழுதி ஓட்டினோம். 201 என்பது மேல் எல்லை 200ஐத் தாண்டுகிறது என்று வரி எண்ணோடு வந்து நின்றது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று வாரமாகத் தேடியிருக்கிறார்.

அதனால் முதலில் அந்தச் சின்ன மெயின் புரோகிராமை எழுதுங்கள். ஜிஃபோர்ட்ரான் கம்பைலரில் -g, -fcheck=all, -fbacktrace மூன்றையும் போட்டுக் கம்பைல் செய்து ஓடவிடுங்கள். இதையே மேட்லாபுக்குள் செய்தால், சோதனை பிழையைப் பிடித்த கையோடு மேட்லாபையும் சேர்த்து மூடிவிடும். சப்ரூட்டீனுக்குள் ‘ஸ்டாப்’ (நிரலை நிறுத்தும் கட்டளை) எழுதி வைத்திருப்பவர்களுக்கும் அதே கதிதான். அறிவிக்காத மாறியைக் கம்பைலர் ஏற்காமல் செய்யும் ‘இம்ப்ளிசிட் நன்’ வரியைப் போடச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இருந்தாலும் சொல்கிறேன், போடுங்கள்.

மேட்லாபில் 100 என்று அடித்தால் அது முழு எண் வகை ஆகாது, எட்டு பைட் டபுள் (தசம எண் வகை). மாற்றாமல் அப்படியே ஃபோர்ட்ரானுக்கு நான்கு பைட் இன்டிஜராக (முழு எண் வகை) அனுப்பினால், நம் மேசையிலுள்ள இன்டெல் வகைக் கணினியில் அது 0 என்று படிக்கப்படும். லூப் ஒரு சுற்றுகூடச் சுற்றாது. பிழைச் செய்தியும் கிடையாது.

இன்னொன்று, இது என்னையே ஒருமுறை அரை நாள் உட்கார வைத்தது. ‘ரியல் :: டோட்டல் = 0.0’ என்று அறிவிக்கும் வரியிலேயே மதிப்பைக் கொடுத்தால், ஃபோர்ட்ரான் அதை ஒரே ஒரு தடவைதான் பூஜ்யமாக்கும். முதல் அழைப்பில் விடை சரி. இரண்டாவது அழைப்பு பழைய கூட்டலிலிருந்து தொடரும். தனி புரோகிராமில் ஒருமுறை மட்டும் அழைத்துக்கொண்டிருந்த காலத்தில் இது கண்ணில் படாது. மேட்லாபில் மெக்ஸ் கோப்பு நினைவகத்திலேயே குந்தியிருப்பதால்தான் மாட்டுகிறது. பூஜ்யத்தைத் தனி வரியில் கொடுங்கள்.

பைத்தான்காரர்கள் சிரிக்க வேண்டாம். ஃபோர்ட்ரானைப் பைத்தானிலிருந்து அழைக்க உதவும் எஃப்டூபை வழியாகக் கட்டிய கோப்பைத் திருத்திவிட்டு, ரீலோட் செய்தேன், ஒன்றும் மாறவில்லை என்று வருகிறீர்கள். கம்பைல் ஆன கோப்பு ரீலோடுக்கு அசையாது. கெர்னலை (பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானை) மூடித் திறங்கள். மேட்லாப் என்றால் ‘கிளியர் மெக்ஸ்’. பழைய கோப்பையே ஓட்டிக்கொண்டு நாள் முழுக்கத் திருத்திக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தம்பி ஒதுக்கீட்டில் ஒன்றைக் கூட்டினார், பிரிண்டை அழித்தார், தீசிஸுக்குப் போட்டு வைத்திருந்த கணக்குகளையெல்லாம் திரும்ப ஓட்டினார். இரண்டு வரைபடங்கள் மாறின. முகம் வெளுத்துவிட்டது. சமர்ப்பிக்க இன்னும் நாள் இருந்தது, நல்லவேளை.

தயவுசெய்து சீக்கிரம் வாருங்கள், மூன்று வாரம் காத்திருக்காதீர்கள். வரும்போது மூலக் கோப்பு, கம்பைல் செய்த கட்டளை, விழவைக்கும் அந்த ஒரு உள்ளீடு, மூன்றையும் கொண்டுவாருங்கள். மேட்லாப் மூடியதற்கு ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். அதில் உங்கள் வால்பேப்பர்தான் தெரிகிறது.