ஏ தந்தி மட்டும் ஏன் முழங்குகிறது?

போன மாதம் ஒரு தம்பி வீட்டில் பதிவு செய்த டபுள் பேஸ் (ஆளுயர வயலின் மாதிரி இருக்கும் கீழ்சுர வாத்தியம்) டிராக்கை அனுப்பியிருந்தார். "ஏ தந்தியைத் தொட்டாலே தூக்கி அடிக்குதுண்ணா, வேற மைக் வாங்கணுமா?" என்று கேட்டார். அறை எவ்வளவு பெரிது என்றேன். 10-க்கு 12, கூரை உயரம் 10 அடி. எங்கே நின்று வாசித்தீர்கள்? சுவரோரம். சரி, மைக் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏ தந்தியை விரலால் அழுத்தாமல் சும்மா மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். 10 அடி இடைவெளியில் எதிரெதிரே இருக்கும் சுவர்கள் ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸில் தாமாகவே முழங்கும். தரைக்கும் கூரைக்கும் இடையிலும் அதே 10 அடி என்றால் கேட்கவே வேண்டாம். அந்தச் சுரம் சுவரோரத்தில் வீங்கும், அறையின் நட்டநடுவில் மெலிந்துபோகும்.

இதில் நானும் ஏமாந்தவன்தான். என் முதல் அறையில் நாற்காலியைச் சரியாக நடுவில் போட்டு மிக்ஸ் செய்தேன். ஏ கேட்கவில்லையே என்று 55 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் ஏற்றினேன். காரில் போட்டுக் கேட்டபோது கதவு கடகடத்தது.

உடனே முட்டை அட்டை ஒட்டக் கிளம்பிவிடாதீர்கள். 55 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 20 அடிக்கு மேல். முட்டை அட்டையும் 2 அங்குல ஃபோமும் அதை ஒன்றும் செய்யாது. மூலைகளில் ராக்வூலை (ஒலியை உறிஞ்சும் கல்நார்ப் பஞ்சு போன்ற பலகை அல்ல, பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) நல்ல கனமாக அடுக்கினால் ஓரளவு அடங்கும். அதற்கு முன், பைசா செலவில்லாமல், வாத்தியத்தைச் சுவரிலிருந்து ஓரடி ஓரடியாக நகர்த்தி வாசித்துப் பாருங்கள். பிக்கப் (வாத்தியத்திலேயே ஒட்டி, அதன் அதிர்வை நேராக எடுக்கும் கருவி) இருந்தால் அதை மட்டும் தனியாகக் கேளுங்கள். பிக்கப்பில் அறையின் சத்தம் அவ்வளவாக ஏறாது. அதிலும் ஏ வீங்கினால் அது வாத்தியத்தின் குணம்.

வாத்தியத்தின் முகப்பில் f வடிவில் இருக்கும் எஃப் துளைக்கு நேராக மைக் வைத்தால் பொதபொதவென்று வரும். நான் பிரிட்ஜுக்கு (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) ஓரடி முன்னால், சற்றே மேலே வைப்பேன். பிக்கப்பையும் மைக்கையும் கலக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஓரடி தூரத்தில் மைக்குக்கு ஒலி சுமார் 1 மில்லிசெகண்ட் பிந்தி வரும். டிராக்கை அந்த அளவு நகர்த்தாவிட்டால் இரண்டும் சேர்ந்து மெலிந்து ஒலிக்கும். ஃபேஸைத் திருப்பியும் (ஒரு டிராக்கின் அலையைத் தலைகீழாக்கி) ஒருமுறை கேளுங்கள்.

மிக்ஸில் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுவேன். போன் ஸ்பீக்கரில் 55 வரவே வராது. அங்கே பேஸைக் காட்டிக்கொடுப்பது விரல் தந்தியில் படும் சத்தம்தான், 700-இலிருந்து 1000 ஹெர்ட்ஸ் வரை லேசாக ஏற்றினால் போதும்.

தம்பி இடம் மாறி மறுபடி பதிவு செய்து அனுப்பினார். ஏ அடங்கிவிட்டது, ஆனால் அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பேஸின் கீழ் ஜி சுரம் 49. ஈக்யூவில் (குறிப்பிட்ட ஹெர்ட்ஸை மட்டும் ஏற்றி இறக்கும் கருவி) இரைச்சலை வெட்டினால் ஜியும் சேர்ந்து போய்விடும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு வாசிக்கச் சொன்னேன், இரைச்சல் நின்றது. அந்த மூன்று பின் பிளக்கை எர்த் இல்லாத இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகி வைத்திருந்திருக்கிறார்.