தொங்குகச்சை: ட்ரபீஸ் ஹார்னஸுக்கு ஏற்ற தமிழ்ச் சொல்

சென்னைத் துறைமுகத்துக்குள் டிங்கி என்ற சிறு பாய்ப்படகு ஓட்டப் பழகும் பிள்ளைகள், படகுக்கு வெளியே தொங்க உதவும் கம்பியை ட்ரபீஸ் என்கிறார்கள், அதற்காக இடுப்பில் கட்டுவதை ஹார்னஸ் என்கிறார்கள், வேலை நடக்கிறது. தமிழில் எழுத உட்காரும்போதுதான் சிக்கல். அகராதியைப் புரட்டினால் ஹார்னஸுக்குச் 'சேணம்' என்று வருகிறது, ட்ரபீஸுக்கு ஊஞ்சல் என்றோ சரிவகம் என்றோ வருகிறது, இரண்டையும் சேர்த்தால் ஊஞ்சல் சேணம். படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது. நான் பரிந்துரைக்கும் சொல் தொங்குகச்சை. இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் உடம்புக்கு ஒத்துவரும் ஹார்னஸ் எது என்பதும் பாதி விளங்கிவிடும், அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் பொருள். டிங்கி என்பது ஒருவரோ இருவரோ ஓட்டும் சிறிய பாய்ப்படகு; அந்தச் சொல்லே இந்தி, வங்காளி வழியாக ஆங்கிலத்துக்குப் போனதுதான். காற்று பாயை அழுத்தும்போது படகு ஒரு பக்கம் சாயும். நிமிர்த்த வேண்டுமென்றால் காற்று வருகிற பக்கம் ஆளின் எடை போக வேண்டும். விளிம்பில் உட்கார்ந்து முதுகைப் பின்னால் சாய்ப்பது ஒரு வழி, அது ஹைக்கிங். அதுவும் போதாதபோது, பாய்மரத்தின் மேலிருந்து இறங்கும் கம்பியின் வளையத்தை இடுப்பில் இருக்கும் கொக்கியில் மாட்டி, பாதங்களைப் படகின் விளிம்பில் ஊன்றி, உடம்பு முழுவதையும் தண்ணீருக்கு மேலே நீட்டிவிடுவார்கள். அந்தக் கம்பியும் வளையமும் ட்ரபீஸ். கொக்கியைத் தாங்கி இடுப்பைச் சுற்றிக் கட்டியிருப்பது ஹார்னஸ். 420, 470 வகைப் படகுகளில் ஒருவர் தொங்குவார், ஃபார்ட்டிநைனர் (49er) வகையில் இருவருமே தொங்குவார்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஃபார்ட்டிநைனரில் வெண்கலம் வாங்கி, அப்புறம் டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் போன கே.சி. கணபதியும் வருண் தக்கரும் சென்னைக்காரர்கள். அப்படியிருக்க இதற்கொரு தமிழ்ப் பெயர் இல்லாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே குறையாகப் படுகிறது.

ட்ரபீஸின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'ட்ரபெசா' என்றால் நான்கு கால் உள்ளது, அதாவது மேசை. அந்த மேசை வடிவத்திலிருந்து கணக்குப் பாடத்தின் ட்ரபீஸியம் வந்தது, நம் பாடநூல்களில் அது சரிவகம். சர்க்கஸில் இரண்டு கயிறும் கீழே ஒரு குறுக்குக் கட்டையும் சேர்ந்து அதே வடிவம் காட்டுவதால் பிரெஞ்சுக்காரர்கள் அதற்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். 1859-ல் பாரிஸில் ஜூல் லியோத்தார் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பறந்து காட்டிய பிறகு அந்தப் பெயர் உலகமெங்கும் பரவியது. நம் ஊரில் சர்க்கஸ் பார்த்தவர்கள் அதைப் 'பார் விளையாட்டு' என்பார்கள். படகுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, ஆள் அந்தரத்தில் தொங்குவதால். படகில் சரிவகமும் இல்லை, பாரும் இல்லை.

படகில் இது பெயர் வாங்கியது 1938-ல். பீட்டர் ஸ்காட்டும் ஜான் வின்ட்டரும் இங்கிலாந்தில் 'தண்டர் அண்டு லைட்னிங்' என்ற 14 அடிப் படகில் ட்ரபீஸ் மாட்டி பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோப்பையை வென்றார்கள். வென்ற கையோடு அந்த வகைப் படகுகளில் ட்ரபீஸுக்குத் தடை வந்துவிட்டது. ஆனால் ஆளை வெளியே அனுப்பிப் படகை நிமிர்த்தும் யோசனை நம் கடலுக்குப் புதிதில்லை. பாக் நீரிணைப் பக்கம் பாய் வள்ளங்களில் காற்றுப் பக்கமாக நீளப் பலகையை நீட்டி அதன்மேல் ஆளை அனுப்புவதை, அன்றைய மெட்ராஸ் மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் எழுதி வைத்திருக்கிறார்.

ஹார்னஸ் வந்த வழி வேறு. பழைய பிரெஞ்சில் 'ஹர்னெய்ஸ்' என்றால் போர்வீரனின் தளவாடம், கவசம் உட்பட. அதற்கும் முன்னால் வடக்கு ஐரோப்பிய மொழியில் படைக்கான கட்டுச்சோறு என்ற பொருளில் இருந்திருக்கலாம் என்பது சொல்லாய்வாளர்களின் கணிப்பு. படையிலிருந்து குதிரைக்கு வந்து, குதிரையிலிருந்து மலையேறுபவருக்கும் படகோட்டிக்கும் வந்திருக்கிறது. ஒரகடம் பக்கம் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவரிடம் ஹார்னஸ் என்று சொன்னால் அவர் மனதில் வருவது வயர்க் கட்டு. இப்படிப் பல வேலை பார்க்கும் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் கிடைக்காது, தேடவும் வேண்டாம். இடத்துக்கு ஏற்ற சொல்தான் வேண்டும்.

சேணம் குதிரையின் முதுகில் போடுவது, ஏறி உட்காருகிறவருக்கு வசதியாக இருப்பதற்கு. இங்கே யாரும் யார்மேலும் ஏறவில்லை. வார் என்பது இதன் ஒரு பகுதிதான். கவசம் அடியைத் தடுப்பது, எடையைத் தாங்குவதில்லை. பெல்ட் என்று சொல்லலாம், ஆனால் உயரக் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் மாட்டும் சேஃப்டி பெல்ட் நினைவுக்கு வரும், அது விழுந்தால் பிடிப்பதற்கு. இது விழாதபோதே ஆளைச் சுமந்துகொண்டிருக்க வேண்டும்.

மிஞ்சுவது கச்சை. இடுப்பை இறுக்கிக் கட்டுவது கச்சை. யானையின் வயிற்றைச் சுற்றிக் கட்டும் கயிற்றுக்கும் அதே பெயர். வடமொழியில் 'கக்ஷ்யா' என்ற சொல்லும் இந்த இரண்டு பொருளிலும் வழங்குகிறது. கச்சு என்றால் மார்பில் கட்டுவது, அது வேறு, குழப்பிக்கொள்ளக் கூடாது. இன்றைக்கும் "கச்சை கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்" என்று எழுதுகிறோம், அதனால் செத்த சொல்லைத் தோண்டி எடுத்ததாகவும் ஆகாது. முன்னால் 'தொங்கு' சேர்த்தால் தொங்குகச்சை. சுடுசோறு, ஊறுகாய் மாதிரி இது வினைத்தொகை, நடுவில் க் போடக் கூடாது. கம்பியைத் தொங்குகம்பி என்றே சொல்லிவிடலாம்.

இனி வாங்குகிற விஷயம். கச்சை என்றால் இடுப்பு, அதை மறக்க வேண்டாம். எடை இடுப்பெலும்பிலும் அடிமுதுகிலும் பரவலாக இறங்க வேண்டும். தொடையிலோ தோளிலோ இறங்கினால் அளவு தப்பு. கொக்கி தொப்புளுக்குச் சற்றுக் கீழே உட்கார வேண்டும், தொங்கும்போது அது விலா எலும்பை நோக்கி ஏறினால் அந்தக் கச்சை உங்களுக்கானது இல்லை. கொக்கி இருக்கும் குறுக்குத் தகட்டின் அகலத்தையும் பாருங்கள், குறுகலாக இருந்தால் இரண்டு பக்க வாரும் இடுப்பை நெரிக்கும். முதுகுப் பக்கம் உயரமாக இருப்பது புதியவர்களுக்கும் உயரமானவர்களுக்கும் நல்லது, நிறைய நேரம் தொங்கிப் பழகியவர்கள் உயரம் குறைந்ததைக் கேட்பார்கள். தொடை இடுக்கு வழியாகக் கோவணம் போல் வரும் வகை மேலே ஏறாமல் பிடித்து நிற்கும், ஆனால் அங்கே தையல் தடிப்பாக இருந்தால் அரை மணி நேரத்தில் தோல் சொல்லிவிடும்.

கடையில் நின்றபடி போட்டுப் பார்ப்பதில் பயனில்லை, தொங்கித்தான் பார்க்க வேண்டும். சென்னையில் பல வீடுகளில் ஹாலின் கூரையில் ஊஞ்சல் கொக்கி இருக்கும். உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அதில் கயிறு கட்டி, கச்சையை மாட்டி, பாதங்களைச் சுவரில் ஊன்றிச் சாயுங்கள். ஐந்து நிமிடம் அப்படியே இருங்கள். மூச்சு முட்டுகிறதா, இடுப்பின் பக்கவாட்டில் ஒரே இடத்தில் அழுத்துகிறதா, தோள் வார் கழுத்தை இழுக்கிறதா, எல்லாம் தெரிந்துவிடும். கடலுக்குப் போடும் அதே உடையில் செய்ய வேண்டும், இது முக்கியம். குளிர்நாடுகளில் தடித்த ரப்பர் உடையான வெட்சூட்டின் மேல் போடுவதற்கு ஏற்ற அளவு இங்கே தொளதொளவென்று இருக்கும், நாம் பெரும்பாலும் உடம்போடு ஒட்டும் மெல்லிய ரேஷ் கார்டு சட்டையும் அரைக்கால் சட்டையும்தானே போடுகிறோம். அந்த மெல்லிய துணிக்கு அடியில் வியர்வையும் உப்பும் சேர்ந்து வார் உரசும் இடமெல்லாம் சிவந்துபோகும், அதனால் உள்பக்கம் மெத்தை வைத்து, ஓரம் மடித்துத் தைத்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

சுகத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. படகு கவிழும்போது கொக்கி ஏதாவது கயிற்றில் சிக்கினால் ஆள் பாய்க்கு அடியிலேயே மாட்டிக்கொள்வார். அதனால் போட்டிகளில், எடையோடு இருக்கும்போதும் கழற்றிவிடக்கூடிய விடுவிப்பு உள்ள, ஐஎஸ்ஓ 10862 தரத்துக்கு உட்பட்ட கச்சைதான் வேண்டும் என்பது 2023 முதல் உலகப் பாய்ப்படகு விதி. பழைய கச்சை மலிவாகக் கிடைத்தால் முதலில் இதைக் கேளுங்கள். மிதவைச் சட்டை கச்சைக்கு மேலே வரும், அது குட்டையாக இருந்தால்தான் கொக்கியை மூடாது. விடுவிப்பை இழுக்கும் பழக்கத்தை அந்த ஊஞ்சல் கொக்கியிலேயே, கீழே மெத்தை போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் மாற்றி மாற்றிச் செய்து பாருங்கள்.