அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும் கலம்

மலையில் அட்டை கடிப்பது அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது இரத்தம் வழிவதைப் பார்த்துத்தான் தெரியும். பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் பெரியம்மா போன மாதம் ஒரு கேள்வி கேட்டார். பக்கத்து லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) ஒருவரை மூளைக் கட்டிக்காக மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பியிருந்தார்கள். "நம்ம இரத்தத்தையே எடுத்து, திரும்ப ஏத்தி கட்டியக் கொல்லுறாங்களாமே, அது எப்படிடா?" அப்போது எனக்கு அட்டைதான் கைகொடுத்தது.

வெண்குழியங்களில் டி கலம் என்று ஒரு வகை உண்டு. கொல்ல வேண்டிய கலத்தைக் கண்டதும் அதன் மேல் ஒட்டி, தொடும் இடத்தைச் சுற்றி வளையம்போல இறுக்கி மூடிக்கொள்ளும். அட்டை வாயைப் பதிப்பது போலத்தான். அப்புறம் உள்ளே இருக்கும் நுண்பைகள் அந்தப் பக்கமாக நகர்ந்து, நடுவிலுள்ள இடுக்கில் சரக்கைக் கொட்டும். பெர்ஃபோரின் என்ற புரதம் எதிரியின் மென்சவ்வில் துளை போடும். கிரான்சைம் என்ற இன்னொரு புரதம் அந்தத் துளையால் உதவி பெற்று உள்ளே போய், ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஏற்கெனவே இருக்கும் தற்கொலைப் பொறியைத் தட்டிவிடும். கட்டிக் கலம் சுருங்கித் துண்டுதுண்டாக உடையும். டி கலத்துக்கு ஒன்றும் ஆகாது. அதன் மென்சவ்வு பெர்ஃபோரினுக்கு எளிதில் இடம் கொடுக்காது. கழன்று அடுத்த கலத்தைத் தேடிப் போய்விடும்.

சரி, பிறகு ஏன் கட்டி வளர்கிறது? அது நம் சொந்தக் கலம் என்பதால் டி கலத்துக்கு ஆளை மட்டுப்பிடிப்பது கஷ்டம். அதனால் நோயாளியின் டி கலங்களை வெளியே எடுத்து, முடக்கிய வைரஸ் மூலம் ஒரு பரம்பரையலகைச் செருகி, கட்டியின் மேலுள்ள புரதத்தைப் பிடிக்கும் செயற்கை வாங்கியை, அதாவது ஒரு கொக்கி மாதிரியான புரதத்தை, அவற்றின் மேல் முளைக்க வைக்கிறார்கள். கோடிக்கணக்கில் பெருக்கித் திரும்பச் செலுத்துவார்கள். இதுதான் கார்-டி. இரத்தப் புற்றுநோய் ஒன்றுக்கு 2017இல் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது.

மூளையில் வரும் கிளையோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி அப்படி மசிவதில்லை. 2016இல் வெளியான ஓர் அறிக்கை: கலிஃபோர்னியாவில் ஒருவருக்குக் குழாய் வழியாக மூளைக்குள்ளேயே இந்தக் கலங்களை விட்டார்கள். கட்டிகள் மறைந்தன. ஏழரை மாதம் கழித்து வேறு இடங்களில் திரும்ப வந்தன. குறிவைத்த புரதம் அவற்றில் குறைந்திருந்தது.

"முத்தல விட்டுட்டு கொழுந்த மட்டும் எடுத்த கதைதான்" என்றார் பெரியம்மா. நான் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

அதற்காக 2024இல் பொஸ்டனில் ஒரு தந்திரம் செய்து பார்த்தார்கள். அவர்கள் மாற்றியமைத்த டி கலம், கட்டியின் மேலுள்ள ஒரு குறியை, அதாவது ஒரு புரதத்தை, தானே பிடிக்கும். கூடவே, இன்னொரு குறியுள்ள கலங்களோடு பக்கத்து டி கலங்களைக் கோத்துவிடும் ஒரு மூலக்கூறையும் சுரக்கும். அந்த இரண்டாவது குறி தோலிலும் உண்டு என்பதால், அந்த மூலக்கூறை உடம்பு முழுக்க விடாமல் கட்டியின் பக்கத்திலேயே சுரக்க வைத்தது கெட்டிக்காரத்தனம். மூன்று பேருக்குக் கொடுத்ததில் கட்டி சில நாட்களிலேயே சுருங்கியது. இருவருக்குத் திரும்பியது, ஒருவருக்கு 150 நாளுக்கு மேல் தாங்கியது.

"அட்டைக்கு உப்பு போடுற மாதிரி இத நிறுத்த வழி இருக்கா?" என்று கடைசியாகக் கேட்டார். இருக்கிறது. இந்தச் சண்டையில் காய்ச்சல் வரும், மூளை வீங்கும். மண்டையோட்டுக்குள் வீக்கத்துக்கு இடமில்லை. அப்போது வீக்கத்தை அடக்கும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்தைக் கொடுப்பார்கள். சிக்கல் என்னவென்றால், கட்டியால் வரும் வீக்கத்துக்கும் பெரும்பாலான நோயாளிகளுக்கு அதே மருந்தைத்தான் முன்பிருந்தே கொடுத்து வருகிறார்கள். அளவு கூடினால், ஏற்றிய டி கலங்களே சோர்ந்துவிடும்.