எந்த மாநிலம்?

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் வேதியியல் குறிப்புத்தாளை நீட்டி, "மாநிலச் செயல்பாடு என்று போட்டிருக்கிறது, எந்த மாநிலம் மாமா?" என்று கேட்டாள். பாளையங்கோட்டையில் ஒரு தனிவகுப்பில் கொடுத்த தாள். வெப்ப இயக்கவியல் பாடத்தைக் கணினியில் மொழிபெயர்த்து, ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காமல் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் அது ஸ்டேட் பங்ஷன்: ஒரு பொருள் இப்போது இருக்கும் நிலையை மட்டும் பொறுத்து, அங்கே வந்த வழியைப் பொறுக்காமல் அமையும் அளவு. சரியான சொல் பாடநூலிலேயே இருக்கிறது: நிலைச் சார்பு. ஸ்டேட் என்பது 'நில்' என்று பொருள்படும் லத்தீன் வினையின் வழிவந்தது. நம் நிலையும் நில் என்பதிலிருந்து வந்ததுதான்.

மாநிலத்தை ஒரு கோட்டில் அடித்துவிடலாம். 'நிலைச் செயல்பாடு' என்று தெரிந்தே எழுதுகிறவர்களோடுதான் எனக்கு வழக்கு. பங்ஷன் என்றதும் அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். கணிதத்தில் அது ஒன்றின் மதிப்பு மற்றொன்றைச் சார்ந்து அமைவதைக் குறிக்கும். ஒரு நிலைச் சார்பான அக ஆற்றலை, அதாவது பொருளுக்குள் அடங்கியிருக்கும் ஆற்றலை, எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்தச் செயலையும் செய்வதில்லை. அமைப்பு இருக்கும் நிலையைச் சார்ந்து அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது, அவ்வளவே. செயல் என்று சொல்லத்தக்கவை வெப்பம் பாய்வதும் வேலை நடப்பதும். அவை இரண்டுமே நிலைச் சார்புகள் அல்ல! செயல்பாடு என்று எழுதினால் பாடமே தலைகீழாகிறது.

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு ஆலங்குளம் வழியாகவும் போகலாம், அம்பாசமுத்திரம் வழியாகவும் போகலாம். தீரும் டீசல் வேறுபடும். இரண்டு ஊருக்கும் உள்ள உயர வேறுபாடு மாறாது. வெப்பமும் வேலையும் டீசல் போல, அக ஆற்றல் உயரம் போல. ஒரு கிலோ தண்ணீரை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்க ஏறக்குறைய 4.18 கிலோஜூல் வெப்பம் கொடுக்கலாம். 1840களில் ஜூல் செய்ததுபோல் துடுப்புச் சக்கரத்தால் கலக்கி அதே அளவு வேலையும் செய்யலாம். அக ஆற்றல் கூடுவது ஒரே அளவுதான். சூடான தண்ணீரைப் பார்த்து, அடுப்பா துடுப்பா என்று யாராலும் சொல்ல முடியாது.

சார்பு என்றால் கட்சிச் சார்பு நினைவுக்கு வருகிறது என்கிறார்கள். சார்பெழுத்தைப் படித்த பிள்ளைக்கு வராது. முதலெழுத்தைச் சார்ந்து வருவது சார்பெழுத்து என்று இலக்கண வகுப்பில் முன்பே கேட்டிருக்கிறது. பாடநூலோடு எனக்குள்ள ஒரே பிணக்கு, வழியைப் பொறுத்து மாறும் வெப்பத்தையும் வேலையையும் அது 'வழிச் சார்பு' என்பது. 'வழி சார்ந்த அளவுகள்' என்றால் இன்னும் தெளிவு.

அந்தப் பெண் மாநிலத்தை அடித்து மேலே திருத்தி எழுதினாள். அடுத்த வரியில் 'கிப்ஸ் இலவச ஆற்றல்' என்று இருந்தது. இங்கே ஃப்ரீ என்பது இலவசம் அல்ல, கட்டு இல்லாதது. பேனாவை வாங்கி, கட்டிலா ஆற்றல் என்று நானே எழுதிக் கொடுத்தேன்.