குச்சிக்கிழங்குக்கு முயல் சீரம் கேட்டு வராதீங்க

போன வாரம் ஆத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் தேமல் (இலை திட்டுத்திட்டாக வெளுக்கும் வைரஸ் நோய்) விழுந்த குச்சிக்கிழங்குத் தழையை, அதாவது மரவள்ளித் தழையை, எங்கள் சோதனைக்கூட மேசையில் போட்டுவிட்டு, "சார், இதுக்கு உங்ககிட்ட சீரம் இருக்குதாமே, அரை லிட்டர் குடுங்க, அடிச்சுப் பாக்கறேன்" என்றார். அரை லிட்டர்! ஒரு முயலின் மொத்த ரத்தமே அவ்வளவு வராது. இந்த மாதம் இப்படிக் கேட்டு வந்த நான்காவது ஆள் இவர்.

வைரஸின் புரதத்தை முயலுக்குச் சில வாரம் ஊசியாகப் போட்டு, காது நரம்பில் ரத்தம் எடுத்து, உறையவிட்டு, தெளிந்த சீரத்தைப் பிரிக்கிறோம். அந்தச் சீரத்தில் வைரஸைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் இருக்கும். அதை வைத்துச் செய்கிற எலைசா என்ற நோய்ச்சோதனையின் குழித்தட்டில், உங்கள் தழைச்சாற்றில் வைரஸ் இருந்தால் குழியில் மஞ்சள் நிறம் வரும். சீரத்தின் வேலை அங்கேயே முடிந்தது.

"பாம்புக்கடிக்குக் குதிரை சீரம் போட்டு மனுசன் பொழைக்கிறானே?" என்று அவர் விடவில்லை. மனிதனுக்கு ரத்தம் ஓடுகிறது, ஊசியில் ஏற்றிய சீரம் அதோடு ஓடி விஷத்தைப் பிடிக்கிறது. செடிக்கு ஏது ரத்தம்? இலைமேல் தெளித்த சீரம் வெயிலில் காய்ந்து போகும், வைரஸோ உள்ளே செல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது. மரவள்ளித் தேமலைக் குணமாக்கும் மருந்து எந்த உரக்கடையிலும் கிடையாது, இருக்கிறது என்று யாராவது விற்றால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லப்போனால் சோதனைக்கே சீரத்தை அப்படியே நம்ப முடியாது. ஊசியில் மரவள்ளிப் புரதம் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் முயல் அதற்கும் எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடும், அப்புறம் நல்ல தழையும் மஞ்சள் காட்டும். அதனால் சீரத்தை நோயில்லாத தழைச்சாற்றில் கலந்து அந்த வேண்டாத எதிர்ப்பொருளை முதலில் கழிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை மறந்து, தட்டு முழுக்க மஞ்சளாகி, திட்டு வாங்கியிருக்கிறேன். தேமல் வைரஸ் இந்திய வகையா இலங்கை வகையா என்றால் அதற்கு மரபணுவைப் பார்க்கும் பிசிஆர் சோதனைதான், இரண்டும் நெருங்கிய சொந்தம் என்பதால் முயல் சீரம் பெரும்பாலும் இரண்டையும் பிடித்துவிடும்.

சோதனைக்கு வருபவர்கள் கொழுந்து இலையாகக் கொண்டு வாங்க, கூடவே நல்ல செடியின் இலையும். காகிதத்தில் சுற்றுங்கள், சேலம் வெயிலில் பாலித்தீன் பையில் கட்டி பஸ்ஸில் கொண்டு வந்தால் வெந்த கீரைதான் மிஞ்சும்.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். தேமலைப் பரப்புவது வெள்ளை ஈ மட்டுமில்லை, நீங்கள் நடுகிற குச்சியும்தான். முள்ளுவாடி ரகமோ குங்குமரோஸ் ரகமோ, அறுவடை நேரத்தில் பாதி இலை கொட்டியிருக்கும், எது நோய்ச்செடி என்று தெரியாது. அதனால் மூன்றாம் மாதமே தேமல் தெரிகிற செடியில் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள், விதைக்குச்சி வெட்டும்போது அதைத் தொடாதீர்கள். அந்தக் குச்சியை வரப்பில் போட்டும் வைக்காதீர்கள், ஒரு மழைக்கே துளிர்த்துவிடும், வெள்ளை ஈ அங்கேயிருந்து மறுபடி ஆரம்பிக்கும்.