சேற்று டயர் வாங்கும் முன் காற்றைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள்

ஐப்பசி பிறந்து குன்னூர், கோத்தகிரி பக்கம் மழை பிடித்துக்கொண்டால், கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றைத்தான். "அண்ணே, சைக்கிள் ரொம்ப வழுக்குது, சேத்துக்கு நல்ல பெரிய பட்டன் டயரா பாத்துப் போட்டுக் குடுங்க." பட்டன் என்றால் டயரின் மேல் துருத்திக்கொண்டு நிற்கும் ரப்பர் மொட்டு. நான் டயரை எடுப்பதற்கு முன் காற்றழுத்தம் பார்க்கும் கேஜை எடுப்பேன். வால்வில் வைத்தால் 45, சில நேரம் 50 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) கூடக் காட்டும். டயரின் பக்கவாட்டில் 65 வரை அடிக்கலாம் என்று அச்சிட்டிருக்கிறதே என்பார்கள். அது டயர் தாங்கும் உச்ச அளவு, ஓட்ட வேண்டிய அளவு இல்லை. கட்டைவிரல் இறங்காத அளவுக்குக் காற்றடித்த டயர், ஈரக் கல்லின் மேல் ரூபாய் நாணயம் அகலத்துக்குத்தான் தொடும். அப்புறம் வழுக்காமல் என்ன செய்யும்?

மழைநாளில் வழுக்கல் இரண்டு விதம், இரண்டுக்கும் மருந்து வேறு. கேரட் தோட்டத்தை ஒட்டிப் போகும் மண்தடத்தில் மேலே நாலு விரல் அளவு குழைந்த மண், அதற்குக் கீழேதான் கெட்டியான தரை. இங்கே பட்டன் உயரமாக இருந்தால் குழைந்ததைக் குத்திக்கொண்டு போய் கீழ்த்தரையைப் பிடிக்கும். ஆனால் தேயிலைத் தோட்டத்துக்குள் கல் பாவிய பழைய சரிவுப் பாதை, பாசி படிந்த கல், தடத்தின் குறுக்கே ஓடும் மர வேர், மழையில் ஊறிய யூகலிப்டஸ் இலை, இதிலெல்லாம் பட்டன் எதைக் குத்தும்? வேரின் மேல் உயரப் பட்டன் மடங்கும், மடங்கிய நொடியில் சக்கரம் பக்கவாட்டில் போய்விடும். அங்கே காப்பாற்றுவது ரப்பரின் மென்மையும், டயர் கொஞ்சம் படிந்து உட்காரும்படி குறைத்து வைத்த காற்றும்தான். முட்டி பெயர்ந்து, கையைச் சிராய்த்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் வேரிலும் கல்லிலும் விழுந்தவர்கள். சேற்றில் விழுந்தவர்கள் சட்டையைத் துவைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

முழுச் சேற்று டயர் என்பது தனி ரகம். மேக்ஸிஸ் கம்பெனியின் வெட்ஸ்க்ரீம் போன்றவை ஈட்டி மாதிரி நீண்ட பட்டனோடு வரும், பட்டனுக்குப் பட்டன் நல்ல இடைவெளி இருக்கும். களிமண் இடையில் அப்பிக்கொள்ளாமல் சக்கரம் சுற்றும்போதே உதறிவிட வேண்டும் என்பதற்குத்தான் அந்த இடைவெளி. நெருக்கமான பட்டன் உள்ள டயரில் சேறு நிரம்பிவிட்டால் பட்டன் இருந்தும் இல்லாத கணக்குதான். ஆனால் இந்த ஈட்டி டயர் தார்ரோட்டில் உறுமும், இழுக்கும், கெட்டித் தரையில் திருப்பும்போது ஆடும். அதனால்தான் மலைச்சரிவில் இறங்கி ஓட்டும் டவுன்ஹில் பந்தயங்களில் மெக்கானிக்குகள் சேற்று டயரின் பட்டன்களைக் கட்டரால் பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டு மாட்டுவார்கள். அப்படி வெட்டிய வடிவத்தையே ஆலையில் வார்த்து விற்பதுதான் மேக்ஸிஸ் ஷார்ட்டி. ஷ்வால்பே கம்பெனியின் மேஜிக் மேரியும் கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்யும். மேட்டுப்பாளையத்திலிருந்து தார்ரோட்டில் ஏறிப் போய் மேலே ஒரு மணி நேரம் மண்ணில் ஓட்டுகிறவருக்கு வெட்ஸ்க்ரீம் வீண். இந்த நடுத்தர ரகமே போதும், அதுவும் முன் சக்கரத்துக்கு மட்டும்.

இன்னொன்று, பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள். மேக்ஸிஸின் மினியன் டிஹெச்எஃப் டயரையே எடுங்கள், ஒரே பட்டன் வடிவம், ஆனால் ரப்பர் மூன்று விதமாக வரும். டூயல் என்று போட்டிருப்பது விலை குறைவு, கெட்டி, ரொம்ப நாள் உழைக்கும். மேக்ஸ்டெர்ரா நடுத்தரம். மேக்ஸ்கிரிப்தான் ஈரக் கல்லைப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். ஷ்வால்பேயில் அடிக்ஸ் என்ற ரப்பர் வரிசை என்றால் டயர் நடுவில் ஓடும் கோட்டின் நிறமே சொல்லிவிடும்: ஊதா மிக மென்மை, அடுத்தது ஆரஞ்சு, நீலமும் சிவப்பும் வேகத்துக்கு. இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிக்கொண்டு வரும் டயரில் அநேகமாகக் கெட்டி ரப்பர்தான் இருக்கும். மலை குளிரில் அது இன்னும் விறைத்துப்போகும்.

சரி, காற்று எவ்வளவு? 70 கிலோ எடை உள்ளவர், 2.3 அல்லது 2.4 அங்குல அகல டியூப்லெஸ் டயர் என்றால் முன்னால் 20 முதல் 22, பின்னால் 23 முதல் 25 பிஎஸ்ஐயில் ஆரம்பிக்கலாம். ட்யூப் போட்டிருந்தால் அவ்வளவு இறக்க முடியாது. கல்லில் மோதும்போது ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அவர்கள் முன்னால் 27, பின்னால் 30 என்று வைத்துப் பார்த்து, ஒவ்வொரு பிஎஸ்ஐயாகக் குறைக்கட்டும். டயரில் குறைந்தபட்ச அளவு போட்டிருந்தால் அதற்குக் கீழே போக வேண்டாம். பெரிய பம்பில் இருக்கும் கேஜ் இந்தக் குறைந்த அளவுகளில் சரியாகக் காட்டாது, தனியாக ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்கிவிடுங்கள். டயரைவிட அது பல மடங்கு மலிவு.

அகலமான டயர் மாட்டுவதற்கு முன் பின் சக்கரம் ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில், பெடல் அச்சுக்குப் பின்னால், விரலை விட்டுப் பாருங்கள். சுண்டுவிரல்கூட நுழையவில்லை என்றால், சேறு அங்கே திரண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும், கூடவே பெயிண்ட்டையும் அரைத்து எடுக்கும். அப்படிப்பட்ட ஃபிரேமுக்கு 2.4 வேண்டாம், 2.2 போதும். ஒல்லி டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடித்தரைக்குப் போகும், அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காது. அடைமழை விட்ட மறுநாளே மண்தடத்தில் இறங்காதீர்கள். சக்கரம் பதிந்த பள்ளம் அடுத்த மழைக்கு வாய்க்கால் ஆகிவிடும், தோட்டத்துக்காரர் கேட்டைப் பூட்டினால் கோபப்பட நமக்கு உரிமை இல்லை.

கடைசியாக, டயர் மாற்றும் முறை. பின் டயர்தான் முதலில் தேயும், அதனால் புதுசை வாங்கிப் பின்னால் போட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம். பின் சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது. புதுசு முன்னால், முன்னால் இருந்தது பின்னால், பின்னால் இருந்தது குப்பைக்கு. மாட்டும்போது பக்கவாட்டில் இருக்கும் அம்புக்குறியைப் பாருங்கள், சில டயர்களில் முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாக இரண்டு அம்பு எதிரெதிர்த் திசையில் இருக்கும்.